பதினெட்டாவது சாமான்

1. கல்யாணத்துக்கு முந்தைய நாள் காலை ஐந்தரை மணிக்கு விழுப்புரம் பஸ் நிலையத்தில் வீடியோப் பெட்டியுடன் சென்னை பஸ் ஏறினேன்.

2. திண்டிவனத்தில் பஸ் பத்து நிமிடம் நின்றது. பெண்ணின் அப்பா வந்து பார்த்துவிட்டுப் போனார்.

3. மீனம்பாக்கத்தில் பெட்டியை எடை போட்டு வாங்கிக்கொண்டார்கள். கையில் ஒரு பை மட்டும் கொண்டுபோக விட்டார்கள்.

4. மாலையில் தில்லியில் பெட்டி வந்து சேர்ந்தது. நசுங்கவில்லை, பூட்டு உடையவில்லை.

5. மறுநாள் காலை ஐந்து இருபதுக்கு மண்டபத்தில் பெட்டியைத் திறந்தேன். பதிவு செய்யும் மெஷினில் ஈரத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. மெஷின் ஓடவில்லை.

6. ஏழு எட்டுக்குத் தாலி கட்டினார்கள்.

7. ஏழு இருபத்தைந்துக்கு விளக்கு அணைந்தது. அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் டேப்பில் இருக்கிறது.

இந்த ஏழு வரியையும் ஸ்டுடியோ முதலாளி கேட்டதால் எழுதிக் கொடுத்தேன். ஒன்றும் பொய்யில்லை. இரண்டாவது வரிக்கும் மூன்றாவது வரிக்கும் நடுவில் இன்னொரு வரி வர வேண்டும். அது மறந்துபோய் விட்டுப்போனதல்ல. எழுதி, அடித்து, அடித்தது தெரியக் கூடாதென்று வேறு தாளில் முதலிலிருந்து நகல் எடுத்தேன். அது போன தை மாதம். இப்போது ஆடி. இன்னும் அந்த அடித்த வரியைச் சுற்றியே வருகிறேன்.

நான் சென்னையில் மூன்று வருடம் கேமரா டிப்ளமோ படித்தவள். வகுப்பில் இரண்டு பெண்கள். இன்னொருத்தி கல்யாணமாகிப் போய்விட்டாள். நான் விழுப்புரத்துக்குத் திரும்பி வந்து, ஜங்ஷனுக்கு நடக்கிற தூரத்தில் உள்ள ஸ்டுடியோ ஒன்றில் சேர்ந்தேன். அங்கே பாஸ்போர்ட் போட்டோ, காது குத்தல், கல்யாணம். இரண்டு வருடத்துக்கு முன்பு முதலாளி வீடியோ வாங்கினார். படம் பிடிக்கிற கேமரா தனி, அதைப் பதிவு செய்கிற மெஷின் தனி. மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு தடித்த ஒயரால் இரண்டையும் இணைத்துக்கொண்டு நடக்க வேண்டும். அதை முழுதாகப் பழகியவள் கடையில் நான் ஒருத்திதான். முதலாளிக்கே அதன் பொத்தான்கள் மேல் கொஞ்சம் பயம்.

பொங்கல் கழிந்த வாரம் திண்டிவனத்திலிருந்து ஒருவர் வந்தார். கரும்பும் மல்லாட்டைக் கடலையும் வைத்திருக்கிற விவசாயி, ஐம்பது வயதிருக்கும். கடைக்குள் வரவில்லை. சாக்கடைக்கு அந்தப் பக்கம் ரோட்டிலேயே நின்றார்.

"உள்ள வாங்க, ஏன் வெயில்ல நிக்கிறீங்க?" என்றார் முதலாளி.

"வேணாங்க. வூட்ல அம்மா வந்துக்கிறாங்க. நான் இங்கியே நிக்கிறேன்."

அவர் மனைவிக்கு அம்மை போட்டிருந்தது. இவர் அங்கிருந்தும் நாங்கள் இங்கிருந்தும் பேசியதால் பேச்சு முழுவதும் தெருவுக்கே கேட்டது. பெண் தில்லியில் தாய்மாமன் வீட்டில் தங்கி வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளையும் அங்கேதான். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்து, தை முடிவதற்குள் புறப்பட வேண்டும். முகூர்த்தத்தைத் தள்ள முடியாது. அம்மை வந்த வீட்டிலிருந்து அம்மாவும் போகக் கூடாது, அப்பாவும் போகக் கூடாது. மாமனும் மாமியும்தான் தாரை வார்க்கப் போகிறார்கள்.

"அங்க ஒரு வீடியோக்காரன் கீறானாம். மச்சான் எழுதிக்கிறாரு. போன மாசம் நம்ம ஊரு கல்யாணம் ஒண்ண எடுத்தானாம். தாலி கட்டறப்ப மேளக்காரரையே புடிச்சிக்கினு இருந்தானாம். அவனுக்கு இன்னா தெரியும் நம்ம மொறை? அதான் இங்கேர்ந்து ஒருத்தர அனுப்பலாம்னு. டிக்கெட்டு மச்சான் எடுத்துடுவாரு. ஏரோப்ளேன்லயே போயிடலாம்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"எம் பொஞ்சாதி ஒண்ணே ஒண்ணுதாங்க கேக்குறா" என்றார் அவர். "தாலி ஏர்ற நேரத்துல பொண்ணு மூஞ்சி எப்படிக் கீதுன்னு பாக்கணுமாம். அழுவுறாளா, சிரிக்கிறாளான்னு. மத்ததெல்லாம் நீங்க எடுத்தாலும் சரி, எடுக்காங்காட்டியும் சரி."

அவர் போன பிறகு முதலாளி வெகுநேரம் நாற்காலியில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார். "ஏரோப்ளேன்ல ஏத்துறதுக்கா நான் இத வாங்கினேன்? ஒடஞ்சா நீயும் நானும் ஜங்ஷன்ல பொட்டி தூக்க வேண்டியதுதாம்மா."

"ஒடையாதுண்ணே" என்றேன்.

எனக்கு ஒரு காரியம் பெரிதாகத் தெரிந்தால் முதலில் வரிசை எண் போடுவேன். அன்றே போட்டோ பேப்பர் வரும் அட்டையைக் கிழித்து, பின்பக்கத்தில் பட்டியல் எழுதினேன். பதினேழு சாமான்கள். கேமரா ஒன்று. மெஷின் ஒன்று. பேட்டரி இரண்டு. ஒயர்கள், விளக்கு, காலி டேப் நான்கு. போட்டோ கேமரா ஒன்று, அதற்குப் பிளாஷ், பிலிம் ரோல் மூன்று. பதினான்காவது, ஸ்குரூ டிரைவர். பதினைந்தாவது, சிலிக்கா ஜெல்: ஈரத்தை உறிஞ்சுகிற நீலக் கற்கள், சிறு துணிப் பையில். ஈரம் குடித்துக் குடித்து நிரம்பியதும் அவை ரோஸ் நிறமாகிவிடும்.

டிரங்குப் பெட்டி செய்கிறவரிடம் தடித்த தகரத்தில் அளவு கொடுத்து ஒரு பெட்டி செய்தேன். பஸ் சீட் தைக்கிற கடையில் பழைய பஞ்சுத் திண்டு வாங்கி, கேமராவின் உருவத்துக்கும் மெஷினின் உருவத்துக்கும் பிளேடால் குழி வெட்டினேன். வழியில் தூசி போகக் கூடாதென்று மூடி விளிம்பு முழுவதும் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினேன். மூடியை அழுத்தினால் 'புஸ்' என்று காற்று வெளியேறி மூடிக்கொள்ளும். அந்தச் சத்தம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு நாளில் ஐந்தாறு முறை திறந்து திறந்து மூடினேன். முதலாளி கூப்பிட்டு, "மூடி தேஞ்சிடப் போவுது" என்றார்.

இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. அந்தக் கேமராவின் மூக்கு கீழே பார்க்கக் கூடாது. உள்ளே படம் விழுகிற கண்ணாடிக் குழாய் ஒன்று உண்டு. கவிழ்த்து வைத்து ஆட்டினால் குழாய்க்குள் இருக்கும் துகள் விழுந்து, படத்தில் நிரந்தரமாகப் புள்ளி வந்துவிடும். பெட்டியின் நான்கு பக்கமும் சிவப்பு பெயிண்டில் அம்புக்குறி போட்டு, 'இந்தப் பக்கம் மேலே' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதினேன். இந்தி எழுத ஆள் கிடைக்கவில்லை.

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். கனம் தொடையை அறுத்தது. கண்டக்டர் மேலே போடச் சொன்னார், மறுத்தேன். காலடியில் வைக்கச் சொன்னார், அதற்கும் மறுத்தேன்.

"இன்னாம்மா உள்ள, கோழிக்குஞ்சா?"

"வீடியோ கேமராங்க. ஆடக் கூடாது."

"ஆடக் கூடாதா? அப்ப பஸ்ஸுல ஏன் ஏறின?" என்றவர், போகும்போது டிரைவரிடம், "அண்ணே, பள்ளத்துல பாத்து எறக்கு. பின்னாடி சினிமா கம்பெனி குந்திக்கினு கீது" என்று கத்தினார். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திண்டிவனத்தில் பெண்ணின் அப்பா காத்திருந்தார். பஸ் நின்றதும் என் ஜன்னல் பக்கம் வந்தார், ஆனால் நெருங்கவில்லை. கல்யாணத்துக்குப் போகிறவள் நான், அம்மை வீட்டுக்காரர் அவர். நடுவில் நாலு முழம் விட்டே நின்றார். அவர் கையில் ஒரு பொட்டலம். அதை என்னிடம் கொடுக்காமல், முறுக்கு விற்கிற பெண்ணிடம் கொடுத்து ஜன்னல் வழியே நீட்டச் சொன்னார்.

"இன்னாங்க இது?" என்றேன்.

"வேப்பிலை. ஒரே ஒரு கொத்து. மாரியம்மன் கோயில் மரத்துல பறிச்சது. வூட்டுக்கு எடுத்தாரல, அவ கை படல. அவ சொன்னா, நான் பறிச்சேன். அவ்வளவுதான். தாலி கட்டறதுக்கு முன்ன பொண்ணு தலையில பூவோட சொருவச் சொல்லு. தாயார் கூட இல்லியே, ஆத்தாளாவது கூட இருக்கட்டும்னு சொல்றா."

"சரிங்க."

"வாடிடக் கூடாதாம்மா. வாடின எலைய தலையில வெக்கக் கூடாது. அதான் ஈரத்துணியில சுத்திக்கிறேன். அப்படியே வெச்சிக்கோ, பிரிக்காத."

பஸ் கிளம்பியபோது கூடவே ஓடி வந்து, "மூஞ்சிம்மா! மூஞ்சிய உட்டுடாத!" என்றார்.

பொட்டலத்தைத் துணிப்பையில் புடவைக்கு மேல் வைத்தேன். பட்டியல் அட்டையை எடுத்து, பதினெட்டு என்று எழுதி, பக்கத்தில் 'வே. இலை' என்று போட்டேன். எண் கொடுத்துவிட்டால் அந்தச் சாமான் பத்திரமாகிவிட்டது என்று நம்புகிற புத்தி எனக்கு.

மீனம்பாக்கத்தில் என்னிடம் இருந்தது மூன்று: பெட்டி, போட்டோ கேமராவும் டேப்பும் பிலிமும் இருந்த தோள்பை, துணிப்பை. நான் விமானம் ஏறுவது அதுதான் முதல் தடவை. பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள விடுவார்கள் என்று முட்டாள்தனமாக நினைத்திருந்தேன். கவுண்டரில் இருந்தவர் பெட்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எடை மேடையில் வைக்கச் சொன்னார். கையில் ஒரே பை. பிளாஷுக்குள் இருக்கும் பேட்டரிக் கட்டைகளைக் கையில் கொண்டுபோகக் கூடாது, உள்ளே பிடுங்கிவிடுவார்கள், அதையும் பெட்டியில் போட்டுவிடுங்கள் என்றார். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். பேட்டரிக் கட்டைகளை ஒரு மூலையில் செருகினேன். புடவையை மடித்து மெஷினுக்கு மேல் மெத்தையாகப் போட்டேன். துணிப்பையில் மிஞ்சியது வேப்பிலைப் பொட்டலம். அதைத் தோள்பையில் திணித்தால் பிலிமோடு ஒட்டும். கையில் பிடித்துக்கொண்டு போனால், இது என்ன என்று கேட்டுக் குப்பையில் போட்டுவிடுவார்களோ என்று பயம். போட்டோ பேப்பர் வருகிற கறுப்புப் பிளாஸ்டிக் உறை ஒன்று பெட்டியில் இருந்தது. பொட்டலத்தை அதில் போட்டு, வாயை ரப்பர் பேண்டால் சுற்றி, மெஷினுக்குப் பக்கத்துக் குழியில் வைத்தேன். துணியைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாகத்தான் இருந்தது. பிழியலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். 'பிரிக்காத' என்றது காதில் கேட்டது. சிலிக்கா ஜெல் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

மூடினேன். 'புஸ்' என்றது.

டிப்ளமோவில் ஈரப்பதம் பற்றித் தனிப் பாடமே உண்டு. பரீட்சையில் அந்தக் கேள்விக்கு நான் முழு மதிப்பெண் வாங்கினேன்.

விமானத்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். மேகத்தைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. காலுக்குக் கீழே எங்கோ பெட்டி கிடக்கிறது, எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறதோ என்றே இருந்தது. சாப்பாட்டுத் தட்டை மூடியபடியே திருப்பிக் கொடுத்தேன். விமானம் கொஞ்சம் குலுங்கிய ஒவ்வொரு தடவையும் காலைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டேன், என் கனம் அதன்மேல் விழக் கூடாது என்பதுபோல.

தில்லியில் சாமான்கள் வருகிற பட்டையில் பெட்டி தலைகீழாக வந்தது. நான்கு அம்புக்குறியும் தரையைக் காட்டின. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய், பட்டை ஓடும்போதே நிமிர்த்தினேன். வெளியே பெண்ணின் மாமா நின்றார். குளிருக்கு மப்ளரைத் தலையோடு சுற்றியிருந்தார்.

"ஏம்மா, நடுங்குற? ஸ்வெட்டர் எடுத்தாரலியா?"

ஸ்வெட்டர் என் பட்டியலில் இல்லை.

மாமா வீடு நிறைய விருந்தாளிகள். படுக்கவே இடமில்லை. பெட்டியை பால்கனியில் வைத்தார்கள். எனக்கு அதுவே சரியென்று பட்டது, யார் காலும் இடறாது. உடனே திறந்து சோதித்திருக்கலாம். ஆனால், குளிரிலிருந்து வந்த கருவியை அவசரப்பட்டுத் திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் அதன்மேல் படியும், மூடியபடியே விட வேண்டும் என்பது நான் படித்த விதி. அதை அப்படியே கடைப்பிடித்தேன். உலர்ந்த பெட்டிக்கு எழுதப்பட்ட விதி அது. என் பெட்டிக்குள் ஈரத்துணி இருந்தது. மாலையிலிருந்து காலை வரை அந்தப் பால்கனிக் குளிரில், சைக்கிள் டியூப் போட்டு இறுக்கிய பெட்டிக்குள், அந்த ஈரம் போக்கிடமில்லாமல் சுற்றியிருக்கிறது.

காலை ஐந்து இருபது. மண்டபத்தில் மணப்பெண் அறையின் ஓரத்தில் மூடியைத் தூக்கினேன். வேப்பிலை வாசம் முகத்தில் அடித்தது. ரப்பர் பேண்ட் அறுந்து கிடந்தது. உறையின் வாய் திறந்திருந்தது. மூடியின் உள்பக்கத் தகரம் முழுவதும் முத்து முத்தாகத் தண்ணீர். சிலிக்கா ஜெல் பையைப் பிரித்தேன். ஒரு கல்கூட நீலமாக இல்லை. எல்லாம் ரோஸ்.

மெஷினுக்குப் பேட்டரியைப் போட்டுப் பொத்தானை அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

அந்த விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெஷினுக்குள் ஒரு உருளை வேகமாகச் சுழலும், டேப் அதைச் சுற்றி ஓடும். உருளை ஈரமாக இருந்தால் டேப் அதில் ஒட்டி, சுருண்டு, உருளையையும் கெடுத்துவிடும். அதனால் ஈரம் இருந்தால் மெஷின் தன்னையே பூட்டிக்கொள்ளும். காய்ந்த பிறகுதான் ஓடும். அதற்கு ஒரு மணி நேரமும் ஆகலாம், மூன்று மணி நேரமும் ஆகலாம்.

ஈரத்தை அறிகிற அந்தச் சிறு பாகம் எங்கே இருக்கிறது, எந்தக் கம்பியைக் கழற்றினால் மெஷின் ஏமாந்து ஓடும் என்பது எனக்குத் தெரியும். ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தேன். நாலு திருகாணியில் இரண்டைக் கழற்றியும்விட்டேன். ஓடினால் அம்மாவுக்கு முகம் கிடைக்கும். உருளை போனால் முதலாளிக்குத் தொழில் போகும், அம்மாவுக்கும் ஒன்றும் கிடைக்காது. அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு இரண்டு திருகாணியையும் திரும்ப முடுக்கினேன்.

சமையல்கட்டுக்கு ஓடினேன். பெரிய சமையல்காரர் சாம்பாருக்குக் கரண்டி போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, நாலு படி அரிசி வெறும் சட்டியில வறுத்துக் குடுங்க. எண்ணெய் கூடாது. கை பொறுக்கிற சூடு இருந்தா போதும்."

"யாருக்கு?"

"வீடியோ மெஷினுக்கு. ஈரம் எடுக்கணும்."

"மெஷினுக்கு வெறும் அரிசியா? ரசம் ஊத்தட்டுமா, மோர் ஊத்தட்டுமா?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, "டேய், சட்டிய காலி பண்ணுடா, ஜல்தி!" என்று உள்ளே கத்தினார்.

பெட்டியின் உள்பக்கத்தைத் துடைத்தேன். மெஷினைத் துண்டில் சுற்றி, சூடான அரிசியை வேட்டித் துணியில் முடிச்சுகளாகக் கட்டிச் சுற்றிலும் அடுக்கி வைத்தேன். ஆறு மணி. விளக்கு எரிந்தது. ஆறரை. எரிந்தது. அரிசியை மறுபடி சூடாக்கி மாற்றினேன். மாமாவிடம் சொன்னேன். அவர் புரோகிதரிடம் போய்க் காதில் சொன்னார்.

"முகூர்த்தம் ஏழரையோட முடியறது. ஏழேகால் வரைக்கும் மந்திரத்த இழுக்கறேன். அதுக்கு மேல இழுத்தா எனக்கு மூச்சு நின்னுடும்" என்றார் புரோகிதர்.

மணப்பெண்ணிடம் சொல்லவில்லை. கறுத்துப்போகாமல், வாடாமல், பச்சையாக அப்படியே இருந்த வேப்பிலைக் கொத்தைக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். அவளுக்கு இருபத்திரண்டு வயது. என்னைவிட ஒரு வயது சின்னவள்.

"அம்மா குடுத்தனுப்பிச்சாங்க. அம்மா கை படல, கோயில் மரத்துது."

அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மல்லிகைக்கு மேலாக, காதுக்குப் பின்னால் நானே செருகிவிட்டேன்.

"யக்கா, தாலி கட்டறப்ப நான் கேமராவப் பாக்கட்டுமா? குனிஞ்சிக்கினு இருந்தா அம்மாவுக்கு மூஞ்சி தெரியாது. சிரிக்கணும்னு நெனச்சிக்கினு கீறேன். அழுதா அங்க அதுவும் சேந்து அழுவும், அம்மை ஒடம்புல."

"பாரு" என்றேன். "நான் எதிர்லதான் நிப்பேன்."

ஏழு மணிக்கு மாப்பிள்ளையின் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த ஐந்து நிமிடத்தில் நாலு தடவை பார்த்தார். ஏழு எட்டுக்கு, "போதுங்க, நல்ல நேரத்துலயே முடிச்சிடலாம்" என்றார். கெட்டி மேளம் கொட்டிற்று. நான் தோளில் மெஷின் இல்லாமல், போட்டோ கேமராவோடு எதிரே நின்றேன்.

முதல் படம் எடுத்தேன், மாமாவின் முதுகு குறுக்கே வந்துவிட்டது. இரண்டாவது எடுத்தேன், அட்சதை மழையாக விழுந்தது. மூன்றாவதுக்குப் பிலிமைத் தள்ளும்போது அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் கையில் இருப்பது சின்னக் கேமரா என்று தெரிந்துவிட்டது போலும், புருவம் சுருங்கியது. நாத்தனார் பின்னாலிருந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த இரைச்சலில் சத்தம் கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"ஓடுதா?"

நான் தலையாட்டினேன்.

அவள் சிரித்தாள். பெரிய சிரிப்பு, பல்லெல்லாம் தெரிய. நான் பொத்தானை அழுத்தினேன்.

ஏழு இருபத்தைந்துக்கு விளக்கு அணைந்தது. மெட்டி போடுவதிலிருந்து எல்லாம் பதிந்தது. அம்மி, அருந்ததி, பால் பழம், பந்தி, மாமா கண் துடைத்தது, சமையல்காரர் கேமராவுக்கு வறுத்த அரிசியைக் காட்டியது. ஒரு குறையும் இல்லாத நல்ல படப்பிடிப்பு.

திரும்பும்போது பெட்டியைப் பற்றி நான் அலட்டிக்கொள்ளவில்லை. அந்த ஒரு ரோல் பிலிமைத்தான் காத்தேன். கைப்பை எக்ஸ்ரே மெஷினுக்குள் போனால் பிலிமில் புகை படியும் என்று ரோலைக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன். சோதனை செய்த பெண் போலீஸ் அதைத் தடவிப் பார்த்து ஏதோ இந்தியில் கேட்டார். அவிழ்த்துக் காட்டினேன். "ஷாதி" என்றேன். கல்யாணத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே இந்திச் சொல். அவர் ரோலைத் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையிலேயே கொடுத்தார்.

ஊர் வந்ததும் வளவனூர் வழியாகப் போகும் பஸ்ஸில் பாண்டிச்சேரிக்கு நானே போய், கலர் பிரிண்ட் போடுகிற இடத்தில் ரோலைக் கொடுத்துவிட்டு, அங்கேயே பெஞ்சில் காத்திருந்தேன். மூன்றாவது படத்தில் அவள் சிரிப்பு துளிகூடக் கலங்காமல் வந்திருந்தது. காதுக்குப் பின்னால் ஒரு வேப்பிலை நுனி பச்சையாக எட்டிப் பார்த்தது.

திண்டிவனம் வீட்டில் அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றி, வாசல் வேப்பிலையை அவிழ்த்த மறுநாள் போனேன். டி.வி.யும் டேப் போடுகிற டெக்கும் வாடகைக்கு வந்திருந்தன. அந்த அம்மாவை அன்றுதான் முதல் தடவை பார்க்கிறேன். முகமெல்லாம் வடு, தலை இன்னும் எண்ணெய் காணவில்லை. டி.வி.க்கு நேரெதிரே தரையில் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுக்காரர்களைப் பின்னால் தள்ளிவிட்டார்.

டேப் ஓடியது. மெட்டி.

"தாலி எங்கம்மா?"

"பெரிம்மா, மெஷின்ல ஈரம் ஏறிடுச்சி. தாலி கட்டி முடிச்ச அப்புறந்தான் ஓடுச்சி. நான் பண்ண தப்புதான்."

"ஈரமா? அது எங்கேர்ந்து வந்துது?"

விழுப்புரத்திலிருந்து வரும் வழி முழுவதும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். சரியான பதில் நாக்கு நுனியில் இருந்தது.

"தில்லியில பனி" என்றேன்.

"அந்தூர்ல பனின்னா அப்படித்தானாம். மச்சான் எழுதுவாரு" என்றார் பெண்ணின் அப்பா, எனக்காகப் பரிந்துகொண்டு.

அந்த அம்மா முழங்கையில் காய்ந்த பொருக்கு ஒன்றை நகத்தால் தடவிக்கொண்டிருந்தார். உரிக்கவில்லை, தடவ மட்டும் செய்தார். டேப் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. நான் படத்தை எடுத்து நீட்டினேன். வாங்கி, எழுந்து, ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார்.

"சிரிக்கிறா" என்றார். படத்தை இன்னும் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், "யாரப் பாத்து இப்படிச் சிரிக்கிறா?"

"உங்களப் பாத்துதான் பெரிம்மா. கேமராவப் பாத்தா நீங்க பாப்பீங்கன்னு."

"தே... எல தெரியுது பாரு! பச்சையாக் கீது!" கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு என்னிடம், "இத்தன தொல வாடாம எப்படிம்மா எடுத்துக்கினு போன?"

"மெஷின் பொட்டியில வெச்சி எடுத்துக்கினு போனேன்."

"அதான்!" என்றார். "அது கூட இருந்தங்காட்டிதான் பொட்டிக்கு ஒண்ணும் ஆவல. நீயும் நல்லபடியா வந்து சேந்த."

எனக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். குடித்தேன்.

இப்போதைய நிலவரம் இது. மெஷின் நன்றாக ஓடுகிறது, உருளையில் கோடு இல்லை, கேமராப் படத்தில் புள்ளி இல்லை. பெட்டியில் சைக்கிள் டியூபை இரண்டு இடத்தில் வெட்டிக் காற்று போக வழி விட்டிருக்கிறேன், இப்போது மூடினால் சத்தம் வருவதில்லை. பட்டியலில் பதினெட்டாவதை அடித்துவிட்டு, 'ஈரமான எதுவும் உள்ளே போகாது' என்று எழுதியிருக்கிறேன். என் ஏழு வரி அறிக்கை முதலாளியின் மேஜை டிராயரில் இருக்கிறது. படம் திண்டிவனத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. ஆனி மாதக் கடைசியில் வெளிநாட்டிலிருந்து அந்தப் பெண் ஸ்டுடியோ விலாசத்துக்கு எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். அப்பா கடிதத்தில் இதையெல்லாம் எழுதுவதில்லை போலிருக்கிறது. தான் அம்மாவைப் பார்த்துச் சிரித்தது டேப்பில் நன்றாக வந்ததா, அந்த இடத்தை மட்டும் ஒரு காப்பி போட்டு அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறாள். அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை.